ஒரே கைபேசியிலிருந்து வந்தவை

மணவாள நகர், திருவள்ளூர்
4 பிப்ரவரி 2025

மெஹர்,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய் என்று புரிந்துகொள்ள எனக்குச் சில நாட்கள் பிடித்தன. சிக்னல் இல்லை, கடையில் கூட்டம் என்று நானே காரணம் கற்பித்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டிக்கே வந்தேன். ரோட்டைத் தாண்டும்போது நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினாய். அதற்குப் பிறகு கடை வாசலுக்கு வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் கடிதம். தபால் ஆபீசில் கவர் கேட்டபோது, "வேலைக்கு அப்ளிகேஷனாம்மா?" என்று கேட்டார்கள்.

உன் தம்பி அப்ரார் ஸ்டேஷன் வரைக்கும் பின்னாலேயே வந்தான். "ஹம்ஸாக்கா, உங்க காலேஜ் மெஷினுதான் எங்க கடைக்கு செவப்பு குத்துச்சுன்னு அக்கா சொல்லிக்கினு கீது. நெஜமா?" என்றான். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரியும். நம்பு.

நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். என் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று உனக்குத் தெரியும். கடைகளைப் பற்றி இணையத்தில் எழுதப்படும் மதிப்புரைகளில் எவை உண்மை, எவை ஆள் வைத்து எழுதியவை என்று கண்டுபிடிக்கும் நிரல். எங்கள் லேபில் இருக்கும் கோபால், மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கணினி நினைவகம் ஒன்றை வடிவமைத்திருக்கிறான். என் நிரலை அவனுடைய நினைவகத்துக்குள் அடக்கினோம். உள்ளங்கை அளவு பலகை, பேட்டரியிலேயே நாள்கணக்காக ஓடும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கடைகளைப் பட்டியல் போடும் ஒரு செயலி நிறுவனம் அதைச் சோதனைக்கு வாங்கிக்கொண்டது. சந்தேகம் வரும் கடைகளுக்கு அவர்கள் சிவப்புக் குறி போடுகிறார்கள். அந்தப் பட்டியலில் உன் கடை இருந்தது எனக்குத் தெரியாது. கருவிக்கும் கடை தெரியாது, ஆள் தெரியாது, எழுத்தும் அது எந்தக் கைபேசியிலிருந்து எப்போது வந்தது என்பதும் மட்டும்தான் தெரியும். உனக்கு வந்த மதிப்புரைகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே கைபேசியிலிருந்து, ஒரே பிற்பகலில், ஒரே மாதிரி வார்த்தைகளில் வந்திருக்கின்றன.

அதனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. யாரையாவது எழுதச் சொன்னாயா? இன்றைக்கு எல்லாக் கடைக்காரர்களும் செய்வதுதான். நீ செய்திருந்தாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன். எவை எவை என்று சொன்னால் அவற்றை நீக்கச் செய்து, குறியையும் எடுக்கச் சொல்கிறேன்.

ஹம்ஸா


கும்மிடிப்பூண்டி
11 பிப்ரவரி 2025

ஹம்ஸா,

"நான் தப்பாக நினைக்க மாட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நாலு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். நீ மேலே படிக்கப் போனாய். நான் வாப்பாவிடம் சண்டை போட்டு இந்தக் கடையைத் திறந்தேன். பழவேற்காட்டில் எங்கள் குடும்பத்தில் ஆண்கள் மட்டும்தான் கடையில் உட்காருவார்கள். நான் மொபைல் ரிப்பேர் என்றதும், "பொம்பளப் புள்ள கண்டவன் போனையும் பிரிச்சிக்கினு இருக்கணுமா?" என்று உம்மா அழுதார்கள். ஆனால் கண்டவன் போன் என்னிடம் வரவில்லை. வந்தது முழுக்க சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுடைய போன். ஏன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா? இங்கே ஒரு கடையில் டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்த பெண்ணின் படங்கள் வெளியே போய்விட்டன. அதற்குப் பிறகு ஹாஸ்டல் பெண்கள் ஆண்கள் கடைக்குப் போவதில்லை. என் கடையில் ஒரு விதி உண்டு. அவர்கள் கண் எதிரே பிரிப்பேன், கண் எதிரே மூடுவேன், லாக்கைத் திறக்கச் சொல்லிக் கேட்கவே மாட்டேன்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடை நிறையப் பெண்கள். ஊருக்குப் போவதற்குள் போனைச் சரிசெய்ய வேண்டும் என்று எல்லாரும் ஒரே நாளில் வந்துவிட்டார்கள். அவர்களில் தமிழ்செல்வி என்று ஒருத்தி, கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. "அக்கா, நாங்க சும்மாதான குந்திக்கினு கீறோம். உனக்கு ஆப்புல எழுதி உடறோம், நீ வேலைய பாரு" என்றாள். மற்றவர்கள் போன் என் மேஜையில் பிரிந்து கிடந்தது. இவள் போனில் மட்டும்தான் நெட் இருந்தது. ஒவ்வொருத்தியாக அதில் தன் தன் கணக்கைத் திறந்து எழுதினார்கள். பக்கத்தில் இருப்பவளிடம், "நீ இன்னா எழுதன? எனக்கும் அதே போட்டுடு" என்றார்கள். "அக்காகிட்ட நம்பி குடுக்கலாம்." எல்லாரும் எழுதியது அதைத்தான். நான் தலையைக் குனிந்து சால்டரிங் செய்துகொண்டிருந்தேன். என் கண் கலங்கியதை அவர்கள் பார்க்கவில்லை.

உன் கருவி அதற்குத்தான் போலி என்று பெயர் வைத்தது.

அப்புறம் நடந்ததைக் கேள். ஹாஸ்டல் வார்டன் சுமலதா, பெண்களை நிற்க வைத்து அந்தச் சிவப்பு வரியைச் சத்தமாகப் படித்தாள். "இந்தக் கடையின் மதிப்புரைகள் போலியாக இருக்கலாம்." மதிப்புரை போலி என்பது ஹாஸ்டலைத் தாண்டும்போது கடையே போலி என்று ஆனது. பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேர்வதற்குள் நான் போட்டோ திருடுகிறவள் என்று ஆகிவிட்டது. அரக்கோணத்திலிருந்து ஒருத்தியுடைய அப்பா வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "எம்பொண்ணு போட்டோ இன்னா கீதோ குடுத்துரும்மா. அடுத்த மாசம் அவளுக்கு நிச்சயம் வச்சிகீறோம். உன்ன நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். என்னிடம் எதுவும் இல்லை என்று எத்தனையோ தரம் சொன்னேன். கையை இறக்கவே இல்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், ஹம்ஸா.

தமிழ்செல்வியைக் கூப்பிட்டு, "எல்லாம் உன் போன்லருந்துதான் போயிருக்குது. இன்னா வாங்கின அவகிட்ட?" என்று கேட்டிருக்கிறாள் சுமலதா. இவள் வாயாடி, பதிலுக்குப் பேசியிருக்கிறாள். ஹாஸ்டலைக் காலி செய்ய வைத்துவிட்டார்கள். எங்கே போனாள் என்று தெரியவில்லை. என் போனை அவளும் எடுப்பதில்லை.

எவை எவை என்று சொல்லச் சொல்கிறாயே, நீயே சொல். இதில் எது போலி?

மெஹர்னிசா


மணவாள நகர்
20 பிப்ரவரி 2025

மெஹர்,

உன் கடிதத்தை லேபுக்கு எடுத்துப்போய்ப் படித்திருக்கக் கூடாது. அந்த அரக்கோணத்து அப்பாவைப் பற்றிப் படிக்கும்போது எதிரே கோபால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, "இன்னா, ஊட்ல எதனா பிரச்சினையா?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

பிறகு உன் கடைக்கு வந்த மதிப்புரைகளை எடுத்து, லேபில் இருக்கும் பெரிய கணினியில் என் நிரலை முழுதாக ஓட்டிப் பார்த்தேன். உண்மையானவை என்று வந்தது. அதே மதிப்புரைகளைக் கோபாலின் சிறிய பலகையில் ஓட்டினேன். போலி என்று வந்தது. மறுபடியும் ஓட்டினேன். அதே பதில்தான்.

ஏன் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் இங்கே எழுத வேண்டும், பேனா நகர மாட்டேன் என்கிறது. என் நிரல் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் வைத்திருக்கிறது. அடிக்கடி வரும் சொற்களுக்குப் பெரிய எண்கள். கும்மிடிப்பூண்டிப் பெண்கள் பேசுகிற மாதிரியே எழுதும் சொற்கள் எங்கள் தரவில் அபூர்வம், அவற்றுக்கு மிகச் சிறிய எண்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நினைவகத்தைச் சுருக்கும்போது சின்ன எண்கள் எல்லாம் பூஜ்யமாகிவிடும். அதாவது அந்தப் பலகைக்கு உன் பெண்கள் பேசியது காதில் விழவே இல்லை. ஒரே போன், ஒரே பிற்பகல் என்பது மட்டும்தான் அதற்குத் தெரிந்தது.

இது எனக்கு இன்று தெரிந்த விஷயம் இல்லை. போன வருஷம் சோதனை செய்தபோதே, பேச்சுத் தமிழில் எழுதியவற்றில் பலகை நிறையத் தப்பு செய்கிறது என்று அட்டவணையில் ஒரு வரி வந்தது. எங்கள் கைடு பேராசிரியர் ராஜமாணிக்கம் அதைப் பார்த்துவிட்டு, "இத தனியா காட்டணுமா? மொத்தத்தோட ஆவரேஜ் நல்லாத்தான இருக்கு" என்றார். வற்புறுத்தவில்லை. சும்மா கேட்டார். நானே அந்த வரியை எடுத்தேன். எங்கள் கட்டுரை மாநாட்டில் ஏற்கப்பட்டது. கோபால் எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிவந்தான். அவன் வள்ளூர்க்காரன், அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்து ஊர். கொடியில் காயும் துணியில் சாம்பல் படியாத நாளே அவனுக்குத் தெரியாது. ஒரு யூனிட் மின்சாரம் மிச்சமானாலும் அவனுக்கு அது வெறும் கணக்கு இல்லை. அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எடுத்த வரியை மறந்துவிட்டேன். மறந்தேன் என்று சொல்வதும் பொய், நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

நேற்று கைடிடம் போய்ச் சொன்னேன். "உன் ஃப்ரெண்டு கடைதானே? நான் கம்பெனில பேசறேன். குறிய எடுத்துருவாங்க. இத பெருசாக்காத, உனக்கு வைவா வருது" என்றார். திங்கட்கிழமைக்குள் உன் கடைக்கு அந்தக் குறி இருக்காது. என்னால் முடிந்தது இது.

உன்னிடம் அப்படிக் கேட்டதற்கு மன்னித்துக்கொள்.

ஹம்ஸா


கும்மிடிப்பூண்டி
6 மார்ச் 2025

ஹம்ஸா,

குறி போய்விட்டது. நீ சொன்ன திங்கட்கிழமையே போய்விட்டது.

நோன்பு ஆரம்பித்துவிட்டது. கடையில் வேலை இல்லாததால் பகல் நீளமாக இருக்கிறது. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ அந்த வரியை எடுத்ததைப் படித்ததும் வந்த கோபம் எனக்கே பயமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து அந்தக் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அதையும் எழுதிவிடுகிறேன். நோன்பு வைத்துக்கொண்டு பாதியை மறைத்துவிட்டு மீதியை மட்டும் பேச முடியவில்லை.

கடை திறந்த புதிதில் என் பெயரில் யாரும் எதுவும் எழுதவில்லை. ஒருநாள் பார்த்தால் மூன்று மதிப்புரைகள். "உயர்தர சேவை, நியாயமான விலை" என்று, மூன்று ஆண்கள் பெயரில். என் கடைக்கு ஆண்களே வருவதில்லை. அப்ராரிடம் கேட்டேன். "ஆரம்பத்துல எல்லாரும் இப்டித்தான்க்கா பண்ணுவாங்க. நீ கண்டுக்காத" என்றான். நான் கண்டுகொள்ளவில்லை. எடுக்கச் சொல்லவும் இல்லை. அந்த மூன்றும் இன்னமும் அங்கேதான் இருக்கின்றன.

யாரையாவது எழுதச் சொன்னாயா என்று நீ கேட்டபோது எனக்கு ஏன் அப்படி எரிந்தது என்று இப்போது தெரிகிறதா? உன் கேள்வியில் கொஞ்சம் உண்மை இருந்தது. பெண்கள் எழுதியதைக் காட்டி உன்னைக் கேட்டேனே தவிர, தம்பி எழுதியதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இன்னொன்று. என் கடைக்கு இரண்டு கடை தள்ளி சோனியா தையல் கடை வைத்திருக்கிறாள். அவளுக்கும் சிவப்புக் குறி இருந்தது. அவளுக்கும் அதே ஹாஸ்டல் பெண்கள்தான் எழுதினார்கள். அவள் குறி போகவில்லை. செவ்வாய்க்கிழமை வந்து, "உனுக்கு எப்டி மெஹர் போச்சு? யார்ட்ட எழுதிக் குடுக்கணும், சொல்லு, நானும் குடுக்கறேன்" என்றாள். "தெரிஞ்சவங்க ஒருத்தர் இருந்தாங்க" என்றேன். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். "ஓ... ஆள் இருக்குதா? சரி சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் அவள் என் கடைப் பக்கம் வரவில்லை.

சிவப்புக் குறி இருந்தபோது என்மேல் தப்பில்லை என்று தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அது போன பிறகு நிமிர முடியவில்லை. எனக்கு மட்டும் நீ இதைச் செய்திருக்க வேண்டாம், ஹம்ஸா. நான் திருப்பிக் கொடுத்துவிடவும் முடியாது. அந்தக் குறியை மறுபடி போடச் சொல் என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

மெஹர்


மணவாள நகர்
28 மார்ச் 2025

மெஹர்,

தாமதம். செய்து முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன். செய்யாமல் எழுதினால் இன்னொரு சாக்கு மாதிரி ஆகிவிடும் என்று பயமாக இருந்தது.

உன் கடிதம் வந்த மறுநாள் நான் எடுத்த வரியைத் திரும்பச் சேர்த்து, அதன் கீழே சோனியாவின் கடை, உன் கடை, அந்தப் பக்கத்தில் குறி வாங்கிய மற்றக் கடைகள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்த முடிவுகளை வைத்தேன். பாதிக்கு மேல் தவறு. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று மாநாட்டுக்கு எழுதுவதற்கு முன் கோபாலிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவன் பெயரும் அதில் இருக்கிறதே.

கேண்டீனில் வைத்துச் சொன்னேன். கடைசிவரை கேட்டான். "அந்த லைன் வந்துச்சின்னு எனுக்கு ஏன் சொல்லல நீ?" என்றான். "சொல்லிருந்தா மெமரிய மாத்திருப்பேனே. சின்ன நம்பருக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட்டு ஜாஸ்தி குடுத்தா போதும். அத சரி பண்ணிருக்கலாம். நீ எனுக்கு அந்த சான்ஸே குடுக்கல" என்றான். டீயைக் குடிக்காமல் எழுந்து போனான். அப்புறம் என்னோடு பேசவில்லை. லேபில் அவன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டுவிட்டான். அவன் சொன்னது சரி. நான் மறைத்தது உன்னிடமிருந்து மட்டும் இல்லை.

ராஜமாணிக்கம் சார் கத்தவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். "நான் சொன்னேன்னு போட்டிருக்கியா அதுல?" என்று கேட்டார். இல்லை, நான் எடுத்தேன் என்றுதான் எழுதியிருக்கிறேன் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும்தான்னு சேத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். சேர்த்தேன். வைவா தள்ளிப்போயிற்று, எப்போது என்று தெரியாது. நிறுவனம் பலகையைத் திருப்பி அனுப்பிவிட்டது, எல்லாக் கடைகளின் குறியையும் எடுத்துவிட்டது. சோனியாவிடம் சொல். எழுதிக் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை என்று சொல்.

அப்பா கோயிலிலிருந்து வந்ததும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஊர்ல என்ன சொல்றதுன்னு யோசிக்கறியாடி? அந்தப் பொண்ணு எங்க இருக்கான்னு கேட்டியா?" என்றார். அதுவரை நான் தமிழ்செல்வியைத் தேடவே இல்லை, மெஹர். கட்டுரை, கோபால், சார், என் பெயர் என்று இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி கேட்ட பிறகு சாப்பிட உட்கார முடியவில்லை.

மறுநாள் அந்த ஹாஸ்டலுக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. சுமலதாவைப் பார்த்து, தப்பு எங்கள் கருவியுடையது, அந்தப் பெண் ஒரு குற்றமும் செய்யவில்லை, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன் என்றேன். அவர்கள் கெட்டவர்கள் மாதிரித் தெரியவில்லை. கேட்டுக்கொண்டே காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள். "இப்ப வந்து இன்னாம்மா பண்றது? அந்த கட்டிலுக்கு வேற பொண்ணு வந்துருச்சு. கம்பெனில அவ எடத்துக்கும் ஆள் போட்டாங்க. நான் நூறு பொண்ணுங்கள வச்சிக்கினு கீறேன். எதனா ஆச்சுன்னா என்னத்தான கேப்பாங்க? ஆப்புல போட்டுக்கீதேன்னு நம்பிட்டேன்" என்றார்கள். நான் எழுதியதை வாங்கி மடித்த துணிக்கு அடியில் வைத்தார்கள். தமிழ்செல்வி இப்போது கவரைப்பேட்டைப் பக்கம் வேறு கம்பெனியில் இருக்கிறாளாம். நம்பர் தந்தார்கள். பேசினேன். நான் யார் என்று சொன்னதும், "சரிங்க. எனக்கு ஷிஃப்ட்டு" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். திட்டியிருக்கலாம்.

பெருநாள் வருகிறது. வாழ்த்துச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒருநாள் கடைக்கு வரலாமா? வேண்டாம் என்றால் வர மாட்டேன்.

ஹம்ஸா


கும்மிடிப்பூண்டி
16 ஏப்ரல் 2025

ஹம்ஸா,

27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வா. பெண்கள் திரும்ப வர ஆரம்பித்திருக்கிறார்கள். பில் எழுத ஆள் இல்லை. அப்ரார் நெல்லூர் போயிருக்கிறான். நடந்ததைப் பற்றிப் பேச வேண்டாம். வந்து பில் எழுது.

மெஹர்


கும்மிடிப்பூண்டி
28 ஏப்ரல் 2025

ஹம்ஸா,

நேற்று நீ கடையைவிட்டு வெளியே போன பிறகு நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். உன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், இதைப் பேசிச் சொல்ல முடியாது என்று தோன்றியது.

மத்தியானம் வரைக்கும் நன்றாகத்தான் போனது. நீ பில் எழுதினாய், நான் வேலை பார்த்தேன். என்னோடு டீ குடித்தாய். அந்தப் பச்சைத் துப்பட்டாப் பெண் வந்தாளே, அவள் தமிழ்செல்வியோடு ஒரே அறையில் இருந்தவள். உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவள் உள்ளே வந்ததுமே உன்னை ஏதாவது வாங்கிவரச் சொல்லி வெளியே அனுப்பியிருக்கலாம். எனக்குத் தோன்றியது. நான் செய்யவில்லை. அவள் என்ன சொல்வாள் என்று நீ கேட்க வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போனை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள், உனக்கே நினைவிருக்கும். "எவளோ திருவள்ளூர்ல பெரிய படிப்பு படிக்கிறவளாம்க்கா. ஏசி ரூம்ல குந்திக்கினு நாங்க எழுதுனதெல்லாம் டூப்புன்னு சொல்லிட்டா. தமிழு எத்தினி நாள் அழுதுச்சு தெரியுமா? அவ மட்டும் என் கையில கெடைக்கட்டும்."

நான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைப் பார்க்காமல் இருந்தேன். நீ பேசாமல் இருப்பாய் என்று நினைத்தேன். நான் உன் இடத்தில் இருந்திருந்தால் பேசியிருக்க மாட்டேன்.

"நான்தாம்மா அது" என்றாய்.

அவள் மேஜைமேல் இருந்த போனை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். உன்னைத் திட்டவில்லை. என்னைப் பார்த்தாள். இவளை எதற்கு உள்ளே வைத்திருக்கிறாய் என்ற மாதிரி. அந்தப் பார்வையை நீயும் பார்த்தாய். பில் புத்தகத்தை மூடி வைத்தாய். "நான் வெளிய இருக்கேன். நீ குடும்மா, அவ சரி பண்ணித் தருவா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். எதிரே பஸ் நிறுத்தத்தில் நிழல்கூட இல்லை. அங்கே போய் நின்றாய்.

அவள் போனைத் தரவில்லை. கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். "போலியாக்கா அவங்க? ஏன் வெயில்ல போய் நிக்கறாங்க?" என்றாள்.

"அவ ஒண்ணும் போலி இல்ல. செஞ்சத ஒத்துக்கினா. நான்தான் இன்னும் ஒண்ணு ஒத்துக்கல" என்றேன். அது எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. செயலியைத் திறந்து அந்த மூன்றையும் அவளுக்குக் காட்டினேன். "இத எழுதுனது எந்தம்பி. எனக்குத் தெரியும். தெரிஞ்சே உட்டுட்டேன். நீங்க எழுதுனதுக்கு நடுவுல இதுவும் கீது. நீங்க எனக்காக அவ்ளோ கேவலப்பட்டப்ப நான் வாயத் தொறக்கல" என்றேன்.

இனிமேல் இவள் போய் ஹாஸ்டலில் சொல்வாள், யாரும் வர மாட்டார்கள், உம்மா சொன்ன மாதிரி கடையை மூடிவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். அதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

அவள் அந்த மூன்றையும் படித்தாள். ஒவ்வொன்றாக, மெதுவாக. "அத எடுத்துடுக்கா" என்றாள். அவள் முன்னாலேயே அப்ராருக்குப் போன் செய்து எடுக்கச் சொன்னேன். அவன் ஏதோ முனகினான். எடுத்துவிட்டான். அவள் சிரிக்கவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. போனை மேஜைமேல் திரும்ப வைத்தாள். "சார்ஜ் ஏற மாட்டன்னுது. எனுக்கு நாலு மணிக்கு ஷிஃப்ட்டு" என்றாள்.

நான் பிரித்தேன். சார்ஜர் செருகும் இடத்தில் ஒரு பின் வளைந்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூடிக் கொடுத்தபோது, வெளியே உன் பக்கம் தலையை அசைத்து, "அவங்கள உள்ள கூப்டுக்கா" என்றாள்.

அந்த நேரம் முழுக்க நான் உன்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், ஹம்ஸா. நீ கர்சீப்பை நெற்றிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாய். இரண்டு பஸ் வந்தது, நீ ஏறவில்லை. கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்தான். நான் கூப்பிடவில்லை. இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று இருந்தேன். நான் எப்படிப்பட்டவள் என்று நேற்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் சொன்ன பிறகுதான் வெளியே வந்தேன். அதற்குள் பெரியபாளையம் போகும் பஸ் வந்து, நீ ஏறிவிட்டிருந்தாய். ரோட்டின் நடுவில் நின்று கையைக் காட்டினேன். லாரிக்காரன் ஒருவன் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். நீ ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாய், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கூப்பிட்டது உனக்குத் தெரிந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

மெஹர்